லெப்ட் அவுட்டில் ஓடுகிறவன்

உ

ஏரிநத்தம்,
30-12-1987

மலையில் இருக்கும், கூடப் பிறக்காத தங்கச்சி பெரியம்மாளுக்குக் கீழ்நாட்டிலிருந்து காசியம்மாள் எழுதுவது. உன் வீட்டு அடுப்பு அணையாமல் இருக்கவும், ஆடு மாடு நோய்நொடி இல்லாமல் இருக்கவும் மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். இதை உனக்குப் படித்துச் சொல்லும் அமிர்தம் டீச்சருக்கும் என் கும்பிடு. நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். எழுத்து கோணலாக இருந்தால் டீச்சர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

வெள்ளிமலை பஸ் கண்டக்டரிடம் நீ சொல்லி அனுப்பிய சேதி போன வாரமே வந்துவிட்டது. முதலமைச்சர் இறந்த துக்கத்தில் பஸ் ஓடவில்லை, கடைகண்ணியும் திறக்கவில்லை. அதனால்தான் பதில் தாமதம். பரீட்சை லீவுக்கு உன் பிள்ளை கரியராமன் ஏன் மலை ஏறி வரவில்லை என்று கேட்டிருந்தாய். அவன் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. கச்சிராயபாளையத்தில் அவன் தங்கிப் படிக்கிற ஆஸ்டலைப் பூட்டிவிட்டார்கள். எங்கள் வீட்டில்தான் இருக்கிறான். பொங்கலுக்கு நடக்க வேண்டிய கால்பந்து டோர்னமெண்ட் தள்ளிப் போய்விட்டது. அது முடிகிற வரைக்கும் எங்கள் ஊர் டீம் அவனை விடாது.

என் மகன் ராஜாங்கத்தின் கருமாதிக்கு நீ வந்திருந்தாய். ஒரு மூட்டை சாமையைத் தலையில் சுமந்துகொண்டு வந்து, என் பக்கத்தில் பகல் பூராவும் உட்கார்ந்திருந்தாய். நான் உன்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. என்ன நடந்தது என்று நீயும் கேட்கவில்லை. இப்போது சொல்கிறேன்.

புரட்டாசி பிறந்த அந்த வாரம் எங்கள் சாதிக்கு இட ஒதுக்கீடு கேட்டு ஊர் ஊராக ரோட்டை மறித்தார்கள் அல்லவா. எங்கள் ஊர் ஆம்பிளைகளும் ரம்பம், கோடாலி எடுத்துக்கொண்டு போனார்கள். என் வீட்டுக்காரர் போனார். ராஜாங்கமும் பின்னாலேயே போனான். மதகுக்குப் பக்கத்தில் இருந்த புளியமரம் சாயும்போது ஒரு கிளை அவன் இடது இடுப்பிலும் அடிவயிற்றிலும் அடித்தது. வண்டி கட்டிக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம். போகிற வழியெல்லாம் மரம். எல்லாம் எங்கள் ஆட்கள் வெட்டிப் போட்டதுதான். எந்தப் பக்கம் வண்டி போகும் என்று பார்த்து வர உன் பிள்ளைதான் முன்னால் ஓடினான். ஓடுவான், திரும்பி வந்து, "இப்படிப் போவாதும்மா, கொல்லை வழியா வுடச் சொல்லு" என்பான், மறுபடி ஓடுவான்.

வண்டியில் ராஜாங்கம் தண்ணி தண்ணி என்றான். வயிற்றில் அடிபட்டவனுக்குத் தண்ணி கொடுக்கக் கூடாது என்று கூட வந்தவர்கள் சொன்னார்கள். நான் கொடுக்கவில்லை. டவுன் கண்ணுக்குத் தெரிகிறதுக்கு முன்னாலேயே முடிந்துவிட்டது. உன் பிள்ளைக்கு அது தெரியாது. வண்டி நின்றுவிட்ட பிறகும் அவன் எங்களுக்கு முன்னால் ஓடிக்கொண்டுதான் இருந்தான்.

அது போகட்டும். உன் பிள்ளை சேதிக்கு வருகிறேன்.

இந்தப் பக்கம் எந்த ஊருக்குப் போனாலும் கபடிதான். எங்கள் ஊரில் மட்டும் பட்டாளத்திலிருந்து லீவில் வந்த ஒருவர் கொண்டுவந்து போட்ட பந்து, ஊர் ஆட்டமாகவே ஆகிவிட்டது. எல்லைக் கோட்டுக்குள் இடது ஓரமாகவே ஓடி, பந்தை நடுவில் இருக்கிறவனுக்கு அடித்துக் கொடுக்கிற இடத்தை லெப்ட் அவுட் என்பார்கள். ராஜாங்கம் ஆடினது அந்த இடம். ஆஸ்டல் பிள்ளையாக வேடிக்கை பார்க்க வந்த கரியராமனைக் களத்துக்குக் கூட்டி வந்ததும் அவன்தான். இப்போது டீமை நடத்துகிற சைக்கிள் கடை வெங்கடேசன் அந்த இடத்தை உன் பிள்ளைக்குக் கொடுத்திருக்கிறார்.

தங்கச்சி, உன் பிள்ளை பேர் இப்போது நைனார்பாளையம் வரைக்கும் தெரியும். ஆட்டம் என்றால் சைக்கிளிலும் டிராக்டரிலும் ஆள் வருகிறது. களத்தை ஒட்டின ஏரிக்கரை பூராவும் தலை. அவன் காலுக்குப் பந்து போனால் உட்கார்ந்திருக்கிறவர்கள் எல்லாரும் எழுந்துகொள்கிறார்கள். அவன் பனியன் முதுகில் பதினொன்று என்று பெயிண்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். சின்னப் பிள்ளைகள் எல்லாம் கரித்துண்டால் முதுகில் பதினொன்று எழுதிக்கொண்டு திரிகின்றன.

உளுந்தூர்பேட்டையிலிருந்து விசில் ஊதும் ரெப்ரியாக வந்த ஒருவர் மட்டும் வேறு மாதிரி சொன்னார். "பையன் நல்லாத்தான் ஓடறான். ஆனா நீங்க போடற கூச்சலுக்கு இன்னும் ஆவல. ரெண்டு வருசம் சும்மா வுடுங்க, அப்புறம் கத்துங்க" என்றார். அதற்கு வெங்கடேசன், "உங்க ஊர்ல லாரிதான் ஓடும், ஆளு ஓடறத எங்க பாத்துக் கீறீங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அந்த மனிதர் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். எனக்கென்னவோ அவர் சொன்னதில் தப்பு இல்லை என்றுதான் தோன்றியது. மீசை முளைக்காத பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகச் சுற்றினால் அவன் கால் தரையில் நிற்குமா.

இன்னொன்று. கூட்டத்தில் பழைய பழக்கத்தில் யாரோ, "வுடாத ராஜாங்கம்" என்று கத்தினார்கள். உன் பிள்ளை திரும்பிப் பார்த்தான். அதற்குப் பிறகு எல்லாரும் அப்படியே கத்துகிறார்கள். அவனும் திரும்புகிறான். கேட்க எனக்கு நன்றாகத்தான் இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன்.

சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்படாதே. சுவரைப் பார்த்து உட்கார்ந்து தட்டு நிறையச் சாப்பிடுகிறான். கத்தரிக்காயை மட்டும் ஓரமாக ஒதுக்கிவிடுகிறான். ராஜாங்கமும் அப்படித்தான். இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து தின்ற பிள்ளைகள், பழக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும்.

பனிக்காலம், மார்பில் சளி கட்டாமல் பார்த்துக்கொள். மாரியம்மன் உன் குடும்பத்துக்குத் துணை இருக்கட்டும்.

உன் அக்கா,
காசியம்மாள்


உ

ஏரிநத்தம்,
31-1-1988

தங்கச்சி பெரியம்மாளுக்கு அக்கா காசியம்மாள் எழுதும் சேதி. நீ கொடுத்தனுப்பிய கடுக்காயும் மரவள்ளிக் கிழங்கும் வந்து சேர்ந்தன. ஆஸ்டல் திறந்த பிறகும் பிள்ளை எங்கள் வீட்டிலேயே இருப்பதிலும், பொங்கலுக்கு வராததிலும் உனக்கு வருத்தம் இருக்கும். எனக்குத் தெரியும். ஆனால் இங்கே ஒரு காரியம் நடந்திருக்கிறது. அதை உனக்குச் சொல்லாமல் இருக்கக் கூடாது.

உங்கள் மலையில் உண்டோ இல்லையோ, எங்கள் பக்கத்தில் கல்யாணம் ஆகாமல் செத்துப்போனவர்களை அப்படியே விட்டுவிட மாட்டோம். ஏரிக்கரைக்குப் போய்ப் பம்பை மேளம் அடித்துப் பேர் சொல்லி அழைப்போம். வீட்டு ஆட்களில் யார் மேலாவது வந்து நின்று பேசும். என்ன குறை என்று கேட்டு, கலசத் தண்ணியில் இறக்கி, வீட்டுக்குக் கொண்டுவந்து மூலையில் வைத்துக் கும்பிடுவோம். பூவாடை அழைப்பது என்று பேர். அதற்குப் பிறகு அது வீட்டோடு சாமியாக இருந்துகொள்ளும். யாரையும் தொந்தரவு பண்ணாது.

தை வெள்ளிக்கிழமை வெயில் தாழ, பம்பைக்காரர் பாவாடையைக் கூட்டிக்கொண்டு ஏரிக்குப் போனோம். பாவாடை நல்ல தொழில்காரர். பாட்டெடுத்தால் கல்லும் அழும். எங்கள் பங்காளி வீட்டு ஆட்கள் எல்லாரும் ஈரத்துணியோடு நின்றார்கள். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நானும் நின்றேன். பாவாடை ராஜாங்கத்தின் பேரைச் சொல்லிச் சொல்லி அழைத்தார். யார் மேலும் வரவில்லை. ஏரித் தண்ணியில் விட்ட கற்பூரம் அதுபாட்டுக்கு எரிந்துகொண்டு ஓரமாகவே போனது.

டீம் பிள்ளைகள் ஆட்டம் பழகிவிட்டுக் கரைமேல் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். கரியராமனும் அங்கேதான் நின்றான். பம்பை ஒரு அடி நின்று மறுபடி எடுத்த நேரத்தில் அவன் ஓட ஆரம்பித்தான். நேராக எங்களிடம் வரவில்லை. தண்ணிக்கும் கரைக்கும் நடுவில் இருக்கிற ஈர மண்ணில், இடது ஓரமாகவே சுற்றி ஓடி வந்து என் எதிரில் நின்றான். "எம்மா" என்றான்.

உன் பிள்ளை பேசினால் உங்கள் மலைப் பேச்சு தெரியும். ஒரு இழுப்பு இருக்கும். அந்த எம்மாவில் அது இல்லை.

பாவாடை உடனே ஒத்துக்கொள்ளவில்லை. சோதித்துத்தான் பார்த்தார். நந்தியாவட்டை, அரளி, சாமந்தி மூன்றையும் தனித்தனியாக இலையில் மடித்து வைத்தார். மனசில் ஒரு பூவை நினைத்துக்கொள் என்று என்னிடம் சொன்னார். நான் நந்தியாவட்டையை நினைத்தேன். கரியராமன் குனிந்து, மற்ற இரண்டையும் பார்க்கக்கூட இல்லை, அதைத்தான் எடுத்து என் கையில் வைத்தான். உனக்கு இன்னா கொற என்று பாவாடை கேட்டார். "தண்ணி குடுக்கல" என்றான்.

தங்கச்சி, வண்டியில் ராஜாங்கம் தண்ணி கேட்டதைக் கரியராமன் கேட்டிருக்கலாம். முன்னால் ஓடினவன் இடையில் திரும்பி வந்தபோது காதில் விழுந்திருக்கலாம். நானும் அதை யோசித்தேன். ஆனால் அந்த நேரத்தில் யோசனை எங்கே நிற்கிறது. குடத்தைத் தூக்கி ஊற்றினேன். குடித்தான். குடம் காலியாகிற வரைக்கும் குடித்தான்.

பாவாடை கலசத்தை எடுத்து என் கையில் கொடுத்து, "இதுல எறங்கி வூடு வந்து சேருப்பா" என்று கேட்க வாயெடுத்தார். அப்போது வெங்கடேசன் குறுக்கே வந்துவிட்டார். "யோவ் பாவாடை, இப்பவே எறக்கிட்டா ஞாயித்துக்கெழம யாருய்யா ஆடறது. பைனல் வரைக்கும் இருக்கட்டும். கப்ப வாங்கிக்கினு வந்து எறக்கிக்கலாம்" என்றார். பாவாடைக்கு முகம் மாறிவிட்டது. "சாமிய பாதியில நிறுத்தறது டியூப்ல காத்த நிறுத்தற மாதிரி இல்லீங்க" என்றார். அந்த இடத்திலும் பிள்ளைகள் சிரித்தார்கள். பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கலசம் என் கையில் இருந்தது. கரியராமன் மறுபடியும் எம்மா என்றான். பைனல் முடியட்டும் என்று நானும் சொல்லிவிட்டேன்.

கலசத்தில் வெறும் தண்ணியோடு வீட்டுக்கு வந்தோம். மூலையில் வைத்திருக்கிறேன். பூ மட்டும் மாற்றுகிறேன்.

அதற்கப்புறம் நடந்த ஆட்டம் எல்லாம் நம் பக்கம்தான். ஆள் கூட்டம் இன்னும் ஜாஸ்தி. இப்போது ஒருத்தரும் கரியராமன் என்று சொல்வதில்லை. அவன் ஓடுகிற கோட்டோரத்து மண்ணைப் பெண்பிள்ளைகள் முந்தானையில் அள்ளிப் போய், காய்ச்சல் கண்ட குழந்தை நெற்றியில் வைக்கிறார்கள். ஆட்டம் தொடங்கும் முன்னால் கோல் கம்பத்துக்கு எலுமிச்சம்பழம் குத்துகிறார்கள். எதிர் டீம்காரர்கள் அவன் பக்கத்தில் வரவே பயப்படுகிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை பந்து கோட்டைத் தாண்டி வெளியே போய்விட்டது. ரெப்ரி விசில் ஊதினார். அவன் நிற்கவில்லை. ஓடிக்கொண்டே போய்க் கரை ஏறி இறங்கி, முழங்கால் தண்ணியில் போய் நின்றான். ஜனங்கள் கை தட்டினார்கள். நான்தான் போய்க் கையைப் பிடித்துக் கூட்டி வந்தேன். கை சில்லென்று இருந்தது.

தண்ணி மட்டும் ஜாஸ்தி குடிக்கிறான். பேர் சொல்லிக் கூப்பிட்டால், நான் சொல்வது உன் வீட்டுப் பேர், அதைச் சொல்லிக் கூப்பிட்டால் சில நேரம் காதில் விழுவதில்லை. ஆட்டக் களைப்பாக இருக்கும். நீ பயப்படாதே. பைனல் முடிந்ததும் பாவாடையை வைத்து முறையாக இறக்கிவிடுவோம். பிறகு உன் பிள்ளை உன் பிள்ளையாக மலைக்கு வருவான்.

அதுவரைக்கும் அவனுக்கு ஒரு குறை வராது. என் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன்.

உன் அக்கா,
காசியம்மாள்


உ

ஏரிநத்தம்,
22-2-1988, திங்கட்கிழமை

அமிர்தம் டீச்சருக்குக் கும்பிடு. இந்தக் கடிதத்தைப் பெரியம்மாளைத் தனியாகக் கூப்பிட்டு வைத்துப் படிக்க வேண்டும். படித்த கையோடு அவளைப் பஸ் ஏற்றிவிட வேண்டும். உங்களுக்குக் கோடி புண்ணியம்.

தங்கச்சி, போன கடிதத்துக்கு நீ கண்டக்டரிடம் சொல்லி அனுப்பியது வந்தது. நீ சொன்னபடியே அவர் சொன்னார். "உங்க புள்ள மாதிரி வெச்சிக்குங்க அக்கா, எனக்கு ஒன்னும் வருத்தம் இல்ல" என்று சொன்னாயாம். நல்ல மனசில் சொன்னாய். என் துக்கம் தெரிந்து சொன்னாய். அந்த வார்த்தையை நீ திரும்ப வாங்கிக்கொண்டு போக வேண்டும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பைனலில் கப் வாங்கிவிட்டார்கள். அன்றைக்கே இறக்கிவிடலாம் என்று பாவாடைக்கு ஆள் அனுப்பினேன். வெங்கடேசன் விடவில்லை. அடுத்த மாசம் கள்ளக்குறிச்சியில் பெரிய டோர்னமெண்ட், அதுவும் முடியட்டும் என்கிறார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கப்பைக் கையில் வைத்துக்கொண்டு என் வாசலில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். "உன் புள்ள போனதும் இந்த ஊர்ல எல்லாம் போச்சும்மா. இப்ப இவன்தான் எங்கள தல நிமுந்து நடக்க வெக்கறான்" என்றார். ரோட்டை மறித்ததற்குப் போலீசு கேசு, கோர்ட்டு என்று அலைந்து குன்றிப்போன ஊர்தான் இது. அவர் சொல்வது எனக்குப் புரியாமல் இல்லை.

பைனல் பார்க்கப் பட்டணத்திலிருந்து ஒருவர் வந்திருந்தார். விளையாட்டுப் பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்து, படிப்பும் சாப்பாடும் போட்டு ஆட்டம் சொல்லிக் கொடுக்கிற ஆஸ்டல் ஒன்று அங்கே இருக்கிறதாம். கரியராமனை நிற்க வைத்துக் காலை அமுக்கிப் பார்த்தார், ஓடச் சொல்லிப் பார்த்தார். அடுத்த மாசம் பிறந்ததும் பிள்ளையை அழைத்து வாருங்கள், சேர்த்துக்கொள்கிறேன் என்றார். உன் பேர் என்னப்பா என்று கேட்டார். ராஜாங்கம் என்றான். அப்பா பேர் கேட்டார். என் வீட்டுக்காரர் பேரைச் சொன்னான். என் வீட்டுக்காரர் பக்கத்தில்தான் நின்றார். ஆமாங்க, நம்ம பையன்தாங்க என்றார்.

எனக்குப் பயம் வந்தது அப்போதுதான்.

என் வீட்டுக்காரர் புரட்டாசியிலிருந்து யாரோடும் பேசாதவர். கரியராமன் அப்பா என்று கூப்பிட்டால் எழுந்து கொல்லைப் பக்கம் போய்விடுகிறவர். இப்போது அவனோடு பேசுகிறார். ஆலையிலிருந்து கரும்பு வெட்டச் சொல்லிக் கட்டிங் ஆர்டர் எப்போது வரும், மோட்டார் ஏன் தண்ணி கம்மியாக எடுக்கிறது என்று அவனிடம் கேட்கிறார். அவனும் பதில் சொல்கிறான். எங்கள் மோட்டாரில் எந்த வால்வு பழுது என்று மலைப் பிள்ளைக்கு எப்படித் தெரியும். நேற்று இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். அடுப்படியில் நின்று கேட்டேன். எத்தனை காலம் ஆயிற்று அந்தச் சிரிப்பைக் கேட்டு. கேட்டுக்கொண்டே நின்றேன். சோறு அடிபிடித்துவிட்டது.

தங்கச்சி, உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்த ஊரில் வேறு யாரிடமும் என்னால் சொல்ல முடியாது. என் ராஜாங்கம் அவ்வளவு பெரிய ஆட்டக்காரன் இல்லை. பெற்றவள் சொல்கிறேன். ஏரிக்கரையில் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டே அவன் ஆடின ஆட்டமெல்லாம் பார்த்திருக்கிறேன். பந்து காலுக்கு வந்தால் தலையைக் குனிந்துகொண்டு ஓடுவான். எதிரில் யார் வருகிறார்கள், நம் ஆள் எங்கே நிற்கிறான், எதையும் பார்க்க மாட்டான். பாதி நேரம் பந்து ஏரியில்தான் போய் விழும். ஊரே சிரிக்கும். அவனும் சிரிப்பான். இறங்கி எடுத்து வருவான். இப்போது டீக்கடையில் அவன் போட்டதாகச் சொல்கிற கோல் ஒன்றையும் நான் பார்த்ததில்லை. செத்துப்போன பிறகு போட்ட கோல் அதெல்லாம்.

உன் பிள்ளை அப்படி இல்லை. வேகமாக ஓடிக்கொண்டே ஒரு தரம் தலையைத் தூக்குகிறான். ஒரே தரம். அதற்குள் எல்லாரையும் பார்த்துவிடுகிறான். பிறகு அவன் அடிக்கிற பந்து, நடுவில் ஓடி வருகிறவன் காலுக்கு முன்னால், அவன் வந்து சேரட்டும் என்று காத்திருக்கிற மாதிரி போய் விழுகிறது. என் பிள்ளைக்கு அது ஒரு நாளும் வந்ததில்லை. சாமி வந்தாலும் தெரியாத வித்தையை யாருக்குக் கொடுக்கும். அது உன் பிள்ளையுடையது. உன் வயிற்றில் பிறந்தது, மலையில் ஆடு மேய்த்து ஏறி இறங்கின கால்.

அவனுக்கு இவ்வளவு கூச்சல் தகுமா என்று அன்றைக்கு எழுதினேன். தகும். இதைவிட ஜாஸ்தியாகவே தகும். ஆனால் அவன் பேரைச் சொல்லிக் கத்த வேண்டும். அவன் ஓடுகிறான், கும்பிடு என் பிள்ளைக்குப் போகிறது. அவன் நாளுக்கு நாள் இளைக்கிறான். கழுத்தெலும்பு தெரிகிறது. இடது இடுப்பில் வலி என்கிறான். அங்கே ஒரு காயமும் இல்லை. துணி விலக்கிப் பார்த்தேன்.

மைதானத்தில் ஓடுகிறது உன் பிள்ளை. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆட்டம் முடிந்து என் வீட்டுப் படி ஏறி வந்து குடத்தைத் தூக்கிக் குடிக்கிறவன் யார் என்று எனக்குத் தெரியவில்லை.

பாவாடை வீட்டுக்கு நானே போனேன். எப்படியாவது இறக்கிவிடுங்கள் என்று கேட்டேன். "கலசம் காத்துக்கினு இருந்தப்ப எறக்க வுடலியேம்மா" என்றார். பிறகு அந்தப் பையனைப் பெற்றவள் ஏதாவது சொன்னாளா என்று கேட்டார். நீ சொல்லி அனுப்பியதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பம்பையின் தோலைத் தடவிக்கொண்டே இருந்தார். "வெச்சிக்கன்னு குடுத்துட்டாங்களே. இனிமே நான் அடிச்சா போவாது. அவங்களே வந்து, அவன் பேரச் சொல்லிக் கூப்ட்டு, கையப் புடிச்சிக் கூட்டிக்கினு எல்லை தாண்டணும்" என்றார். அவர் காசு வாங்கவில்லை. வாசல் வரைக்கும் வந்து, "சீக்கிரம் வரச் சொல்லுங்கம்மா" என்றார்.

ஏன் சீக்கிரம் என்றால், வருகிற வெள்ளிக்கிழமை மாரியம்மனுக்குக் காப்பு. காப்பு கட்டினவர்கள் திருவிழா முடிந்து கொடி இறங்குகிற வரைக்கும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. எங்கள் ஊரில் அதை மீறினவர்கள் கிடையாது. இந்த வருஷம் கரியராமனுக்கும் காப்பு கட்டுவது என்று முடிவு பண்ணிவிட்டார்கள். பட்டணத்துக்காரர் சொன்ன தேதி திருவிழாவுக்கு நடுவில் வருகிறது. எல்லாரும் தெரிந்துதான் செய்கிறார்கள். பட்டணத்துக்குப் போகாமல் அவன் இந்த ஊரோடு கிடக்க வேண்டும். வெங்கடேசன் இன்னும் ஒன்று சொல்லியிருக்கிறார். "பூசாரி வேணாம். பெத்தவ கையால கட்டட்டும். அப்பதான் போவாது" என்று. பெற்றவள் என்று அவர் சொன்னது என்னை. மஞ்சள் கயிறு கோயிலில் தயாராக இருக்கிறது.

நீ வியாழக்கிழமை காலை பஸ்ஸுக்கே புறப்பட்டு வா. எங்கள் வீட்டுக்கு வராதே. நேராகக் களத்துக்குப் போ. நீ வந்து சேருகிற நேரத்தில் பிள்ளைகள் ஆட்டம் பழகிக்கொண்டு இருப்பார்கள். கரைமேல் நின்று, மலையில் ஆடு திரும்பாதபோது எப்படிக் கூப்பிடுவாயோ அப்படி, உங்கள் பேச்சிலேயே, அவன் பேரைச் சொல்லிக் கூப்பிடு. ஓடிக்கொண்டே ஒரு தரம் தலையைத் தூக்குவான் என்று சொன்னேனே, அந்த நேரம் பார்த்துக் கூப்பிடு. அப்போது அவன் அவனாக இருக்கிறான். கையைப் பிடித்துக்கொண்டு நட. யார் என்ன சொன்னாலும் நிற்காதே. வெங்கடேசன் காலில் விழுந்தாலும் நிற்காதே. பட்டணத்துக்காரர் விலாசத்தை இதோடு வைத்திருக்கிறேன். பிள்ளையின் சொந்தப் பேரை அவரிடம் சொல்லு.

நான் குறுக்கே வந்தால், என்னையும் தள்ளிவிட்டுப் போ.

இதை எழுதும்போது அவன் நடையில் உட்கார்ந்து பூட்ஸுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருக்கிறான். யாருக்கும்மா எழுதற என்று கேட்டான். மலையில் இருக்கிற என் தங்கச்சிக்கு என்றேன். "உனக்கு மலையில யாரும்மா கீறாங்க" என்றான். கொடு, நானே கண்டக்டர் கையில் கொடுத்துவிட்டு வருகிறேன் என்றான். நான் கொடுக்கவில்லை. இப்போது நானே நடந்து போய்க் கொடுக்கப் போகிறேன்.

உன் பிள்ளைக்கு ஆயுசு கெட்டியாக இருக்கட்டும். அவன் காலுக்கு ஒரு முள் குத்தாமல் இருக்கட்டும். அவன் பேரைச் சொல்லி ஊர் ஊராகக் கத்தட்டும், அதை நீ இருந்து கேள்.

வெள்ளிக்கிழமை அந்தக் கயிற்றை என் கையில் கொடுத்தால் நான் கட்ட மாட்டேன் என்று உனக்கு எழுதுவதற்குத்தான் இந்தத் தாளை எடுத்து உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். அதை மட்டும் எழுத வரவில்லை.

அதற்குள் வந்துவிடு, தங்கச்சி.

காசியம்மாள்